ரேட், சீல், பர்ஸ்ட்: இணைய வேகத்தைப் பங்கு வைக்கும் எண்கள்

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் திருமண ஆல்பம் செய்து கொடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். முன்பக்கம் கல்லாவில் பில் போடும் கணினி. உள்ளே டிசைன் வேலைக்கு 3 கணினிகள். மாடியில் ஒரு பெண், வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு வீடியோ காலில் ஆல்பத்தைக் காட்டித் திருத்தம் கேட்பார். முகூர்த்த மாதம் என்றால் மாலை 4 மணிக்கு மேல் ஆல்பம் ஃபைல்கள் அச்சகத்துக்குக் கிளம்பும். ஒவ்வொன்றும் 2, 3 ஜிபி. அப்லோடு தொடங்கிய அடுத்த நிமிடமே மாடியிலிருந்து "ஹலோ, கேக்குதுங்களா? ஹலோ!" என்ற குரல் இறங்கி வரும். கல்லாவில் பில் சுற்றிக்கொண்டே நிற்கும்.

"20 எம்பி அப்லோடு இருக்குன்னுதானே பிளான் போட்டேன், ஒரு காலுக்குக்கூடப் பத்தாதா?" என்று அவர் கேட்டார்.

பத்தும். வீடியோ காலுக்கு ஓரிரு மெகாபிட் போதும். பிரச்சினை குழாயின் அகலத்தில் இல்லை, குழாய்க்கு முன்னால் நிற்கும் வரிசையில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். இணையத்தில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாக, அதாவது பாக்கெட்டுகளாகத்தான் போகும். முழு பாக்கெட் ஒன்று 1500 பைட், அதாவது 12,000 பிட். நொடிக்கு 20 மெகாபிட் போகும் இணைப்பில் அது வெளியேற 0.6 மில்லிநொடி ஆகும். மோடத்தின் நினைவகத்தில் 1000 பாக்கெட் காத்திருக்க இடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆல்பம் ஃபைல் அந்த இடம் முழுவதையும் பிடித்துவிட்டால், பின்னால் வரும் குரல் பாக்கெட் 600 மில்லிநொடி நிற்க வேண்டும். பேச்சு இயல்பாக இருக்க ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. அதைப் போல நான்கு மடங்கு தாமதம் மோடத்திலேயே ஏறிவிட்டது. ஒரு உப்பு பாக்கெட் வாங்க வந்தவர், மாத மளிகை வாங்க வந்த 1000 பேருக்குப் பின்னால் நிற்கிற கதை.

ஆல்பம் ஃபைல் ஏன் வரிசையை இப்படி அடைத்துக்கொள்கிறது? டிசிபி என்ற அனுப்பும் முறையின் சுபாவம் அப்படி. பாக்கெட் எங்காவது தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் அதன் வழக்கமான நடை. தொலைந்தால் "சரி, வழி நிறைந்துவிட்டது" என்று குறைத்துக்கொள்ளும். மோடத்தில் தாராளமாக இடம் இருந்தால் எதுவும் தொலையாது. எனவே அது நிரப்பிக்கொண்டே இருக்கும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பில் இந்த நோயைப் பார்த்துவிட்டு அதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். வீங்கிப்போன காத்திருப்பு அறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கான மருந்துதான் டிராஃபிக் ஷேப்பிங். அதில் வரும் ரேட், சீல், பர்ஸ்ட் போன்ற சொற்களைப் பார்த்துப் பலரும் மிரண்டு, இணையத்தில் கிடைத்த எண்களை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு எண்ணும் ஒரு எளிய கேள்விக்கான பதில்: யார் காத்திருப்பது, எங்கே, எவ்வளவு நேரம்?

மடை யார் கையில்?

கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். அவர் தண்ணீரை உண்டாக்குவதில்லை. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்பதை மடையைத் திறந்து மூடி முறைப்படுத்துவார். ஷேப்பிங் செய்யும் வேலையும் அதுதான், அதைச் செய்வதால் வேகம் ஒரு பிட்கூட ஏறிவிடாது. ஆனால் நீர்க்கட்டி வேலை செய்ய வேண்டுமானால் மடை அவர் கையில் இருக்க வேண்டும்.

ஸ்டூடியோவில் மடை மோடத்தின் கையில் இருந்தது. உள்ளே ரவுட்டரிலிருந்து மோடத்துக்குப் போகும் கேபிள் 1 கிகாபிட். மோடத்திலிருந்து வெளியே 20 மெகாபிட். அகலமான வாய்க்கால் குறுகலாகும் இடம் மோடம் என்பதால் வரிசை அங்கேதான் நிற்கும். அந்த வரிசைக்கு, முதலில் வந்தவர் முதலில் போவார் என்பதைத் தவிர வேறு விதி தெரியாது.

எனவே முதல் வேலை, நம் ரவுட்டரிலேயே வேண்டுமென்று ஒரு குறுகலை உண்டாக்குவது. மொத்தமாக வெளியே விடும் அளவை 20-க்குச் சற்றுக் கீழே, 18 மெகாபிட் என்று வைக்கிறோம். மோடத்துக்கு 18 வருகிறது, அது 20 அனுப்ப வல்லது. அங்கே வரிசை சேராது. வரிசை முழுவதும் நம் ரவுட்டருக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. இனி அதை எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், முன்னுரிமை கொடுக்கலாம். "2 மெகாபிட்டைத் தூக்கி எறியச் சொல்றியா?" என்று அண்ணன் முகம் சுளித்தார். ஆமாம், மடையைக் கையில் வாங்குவதற்கான கூலி அது.

அந்த 2 மெகாபிட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாக்கெட்டோடு சேர்ந்து கம்பியில் போகும் மேல்சுமை. சாதாரண தொலைபேசிக் குரலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.711 முறையில் குரலுக்கு 64 கிலோபிட் என்பார்கள். ஆனால் அது நொடிக்கு 50 பாக்கெட்டாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், தலைப்புகள் 40 பைட். ஆக 200 பைட், அதாவது நொடிக்கு 80 கிலோபிட். ஈதர்நெட் கம்பியில் இறங்கும்போது பாக்கெட்டுக்கு இன்னும் 38 பைட் சேரும். பெரிய பாக்கெட்டில் இந்த 38 தெரியவே தெரியாது. 200 பைட் பாக்கெட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. ரவுட்டர் இவை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதால் கொஞ்சம் விட்டுப்பிடிப்பதே நல்லது.

ஷேப்பிங் என்பதையும் போலீசிங் என்பதையும் பலர் குழப்பிக்கொள்வதால் இங்கேயே ஒரு வரி. அளவு மீறி வந்த பாக்கெட்டை "கொஞ்சம் நில்" என்று நிறுத்தி வைப்பது ஷேப்பிங். அதே பாக்கெட்டை அங்கேயே தூக்கி எறிவது போலீசிங்.

டோக்கன் வாளி

"நொடிக்கு 18 மெகாபிட்" என்று ரவுட்டர் எப்படிக் கட்டுப்படுத்துகிறது? கேபிளின் வேகத்தை அதனால் மாற்ற முடியாது. போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் 1 கிகாபிட் வேகத்தில்தான் போகும். பாக்கெட்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டுத்தான் சராசரியைக் குறைக்க முடியும். எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கப் பயன்படும் கணக்குக்கு டோக்கன் வாளி என்று பெயர்.

ஒரு வாளி. அதில் சீரான வேகத்தில் டோக்கன்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு பைட் அனுப்ப ஒரு டோக்கன் கொடுக்க வேண்டும். 1500 பைட் பாக்கெட் வந்தால் 1500 டோக்கன் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எடுத்துக்கொண்டு பாக்கெட்டை விடும், இல்லையென்றால் சேரும்வரை பாக்கெட் காத்திருக்கும். யாரும் அனுப்பாத நேரத்தில் டோக்கன்கள் வாளியில் சேரும். வாளி நிறைந்த பிறகு விழுபவை வழிந்து வீணாகும்.

புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கும் இடம் இது: வாளியில் இருப்பது பாக்கெட்டுகள் அல்ல. பாக்கெட்டுகள் வெளியே வரிசையில் நிற்கின்றன. வாளியில் இருப்பது அனுமதி. ரேஷன் கடையில் டோக்கன் வேறு, அரிசி வேறு என்பது போல.

டோக்கன் விழும் வேகம்தான் ரேட். வாளியின் கொள்ளளவுதான் பர்ஸ்ட். இந்த இரண்டையும் வைத்து ஒரு கணக்கு எப்போதும் செல்லும்: எந்தக் கால அளவை எடுத்தாலும், அதற்குள் வெளியே போகக்கூடிய உச்ச அளவு, வாளியின் கொள்ளளவும் அந்த நேரத்தில் விழுந்த டோக்கன்களும் சேர்ந்தது. ரேட் நொடிக்கு 2 மெகாபிட், வாளி 1 மெகாபிட் என்றால் முதல் நொடியில் அதிகபட்சம் 3 மெகாபிட் போகலாம். பத்து நொடியில் 21. நேரம் நீள நீள ரேட்டுதான் ஆளும். குறுகிய நேரத்தில் பர்ஸ்ட் ஆளும்.

சம்பளமும் சேமிப்பும் என்று நான் சொல்லிக்கொடுப்பது வழக்கம். ரேட் மாதச் சம்பளம். பர்ஸ்ட், கையில் அதிகபட்சம் எவ்வளவு சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு. சேமிப்பு இருப்பவர் ஒரே நாளில் பெரிய செலவு செய்ய முடியும். அதன் பிறகு சம்பளத்துக்குள்தான் ஓட்ட வேண்டும்.

பர்ஸ்ட்டை எவ்வளவு வைப்பது?

இந்த எண்ணில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். சிறிதாக வைத்தாலும் கெடுதல், பெரிதாக வைத்தாலும் கெடுதல்.

சிறிதானால் என்ன ஆகும்? பல ரவுட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அது காலத்தைத் துண்டு துண்டாகப் பார்த்த நாட்களில், நொடிக்கு 100 முறை கடிகாரம் அடிக்கும் என்றால் 10 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் வாளியைத் திரும்பிப் பார்க்க முடியும். 20 மெகாபிட் இணைப்பில் 10 மில்லிநொடிக்கு 25,000 பைட் டோக்கன் விழும். வாளி 10,000 பைட்தான் கொள்ளும் என்றால் மீதி 15,000 ஒவ்வொரு முறையும் வழிந்து வீணாகும். 20 என்று எழுதியிருப்பீர்கள், 8 மெகாபிட்தான் கிடைக்கும். காரணமே தெரியாமல் கேபிளை மாற்றிப் பார்ப்பீர்கள். இன்றைய கெர்னலில் நுண்ணிய டைமர்கள் வந்துவிட்டதால் இந்தக் கட்டாயம் வெகுவாகத் தளர்ந்துவிட்டது. ஆனாலும் வேகம் குறைந்த சிப் கொண்ட மலிவு ரவுட்டர்களில், பர்ஸ்ட் மிகச் சிறிதானால் சிப் அடிக்கடி விழித்தெழுந்து களைத்துப்போகும். எப்படிப் பார்த்தாலும் வாளி ஒரு முழு பாக்கெட்டையாவது தாங்க வேண்டும்.

பெரிதானால்? தாராள மனதோடு 1 மெகாபைட் வாளி வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து யாரும் அனுப்பவில்லை, வாளி நிறைந்திருக்கிறது. ஆல்பம் அப்லோடு தொடங்கியதும் அந்த 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட், கிகாபிட் கேபிளில் 8 மில்லிநொடியில் மோடத்துக்குள் கொட்டிவிடும். மோடம் அதை 20 மெகாபிட் வேகத்தில் வெளியேற்ற ஏறக்குறைய 400 மில்லிநொடி ஆகும். எந்த வரிசையை மோடத்திலிருந்து பிடுங்கினோமோ, அதே வரிசையை நாமே திரும்ப அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டோம். மொத்த அளவுக்கான வாளியை நான் 5 மில்லிநொடி டோக்கன் கொள்ளும் அளவுக்குள் வைக்கப் பார்ப்பேன். 18 மெகாபிட்டுக்கு அது 11,250 பைட். ஏழு முழு பாக்கெட் அளவு. இது என் கைப்பழக்கம், சட்டம் இல்லை.

சிஸ்கோ கருவிகளில் இதே விஷயம் வேறு உடுப்பில் வரும். அங்கே சிஐஆர் என்பது ரேட், பிசி என்பது ஒரு தவணைக்கான அளவு. பிசியை சிஐஆரால் வகுத்தால் டிசி, அதாவது தவணையின் நீளம். 2 மெகாபிட் ரேட்டுக்கு பிசி 2,50,000 பிட் என்றால் தவணை 125 மில்லிநொடி. 100 மெகாபிட் போர்ட்டில் அந்த 2,50,000 பிட் இரண்டரை மில்லிநொடியில் தீர்ந்துவிடும். மீதி 122.5 மில்லிநொடி மயான அமைதி. சராசரி பார்த்தால் 2 மெகாபிட் சரியாக இருக்கும். குரல் மட்டும் வெட்டி வெட்டிக் கேட்கும். பிசியை 20,000 ஆக்கினால் தவணை 10 மில்லிநொடி, பேச்சு சீராகிவிடும். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

சிறிய இணைய சேவைக்காரர்களிடம் அதிகம் புழங்கும் மைக்ரோடிக் ரவுட்டர்களிலும் பர்ஸ்ட் என்ற சொல் வரும். ஆனால் அங்கே அதன் பொருள் வேறு. மேக்ஸ்-லிமிட் 10, பர்ஸ்ட்-லிமிட் 20, பர்ஸ்ட்-த்ரெஷோல்ட் 8, பர்ஸ்ட்-டைம் 10 நொடி என்று வைத்தால், கடந்த 10 நொடிச் சராசரி 8-ஐத் தொடும்வரை 20 மெகாபிட்டில் ஓட விடும். சும்மா இருந்தவர் திடீரென்று 20-இல் இழுத்தால் 4 நொடியில் சராசரி 8 ஆகிவிடும். பிறகு 10-க்கு இறங்கும். பர்ஸ்ட்-டைம் 10 நொடி என்று எழுதியிருப்பதைப் பார்த்து 10 நொடி கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஒரு வலைப்பக்கம் 4 நொடிக்குள் திறந்துவிடும் என்பதால் 10 மெகாபிட் வாங்கியவருக்கு 20 வாங்கியது போன்ற திருப்தி. வியாபாரம் தெரிந்த எண்.

பங்காளிகள்

இதுவரை ஒரே வாளி. ஸ்டூடியோவுக்கு மூன்று தேவை: வீடியோ கால், பில்லும் இணையமும், ஆல்பம் அப்லோடு. இங்கே எச்டிபி என்ற முறை வருகிறது. படிநிலை டோக்கன் வாளி என்று பொருள். மார்ட்டின் டெவேரா எழுதியது, 2002-இல் லினக்ஸ் 2.4.20 கெர்னலோடு வந்தது. அதற்கு முன்பிருந்த சிபிகியூ முறையில் எண்களை நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எச்டிபியில் ஒரு தாய் வகுப்பு, அதன் கீழே பிள்ளை வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் முக்கியம். ரேட் என்பது உறுதி: கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இவ்வளவு உனக்கு உண்டு. சீல் என்பது உச்சவரம்பு: மற்றவர்கள் பயன்படுத்தாமல் மீதி இருந்தால் இதுவரை கடன் வாங்கிக்கொள்ளலாம். சீலுக்கும் தனியாக ஒரு வாளி உண்டு. அதன் கொள்ளளவை சிபர்ஸ்ட் என்பார்கள்.

ஸ்டூடியோவில் வைத்த எண்கள் இவை. தாய்க்கு ரேட், சீல் இரண்டும் 18 மெகாபிட். வீடியோ காலுக்கு ரேட் 4, இணையத்துக்கு 6, ஆல்பத்துக்கு 8. மூன்றுக்கும் சீல் 18.

மூவரும் முழு மூச்சாக இழுத்தால் 4, 6, 8 என்று பிரியும். வீடியோ கால் 0.5 மெகாபிட்தான் எடுக்கிறது என்றால் 3.5 மிஞ்சும். அது மற்ற இருவருக்கும் 6-க்கு 8 என்ற விகிதத்தில் போகும்: இணையத்துக்கு ஒன்றரை, ஆல்பத்துக்கு 2. ஆக 7.5-உம் 10-உம். இரவு கடை சாத்திய பிறகு ஆல்பம் மட்டும் ஓடினால் 18-உம் அதற்கே. காலையில் யாராவது வீடியோ கால் தொடங்கினால் அந்த நொடியே 4 வரைக்கும் கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று ஆல்பத்தின் சீலை 8-லேயே நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க 10 மெகாபிட் சும்மா கிடக்கும். பயப்படத் தேவையில்லை, கடன் கொடுத்தது கேட்டவுடன் திரும்பி வரும் உலகம் இது ஒன்றுதான்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. பிள்ளைகளின் ரேட்டுகளைக் கூட்டினால் வரும் தொகை, தாயின் ரேட்டைத் தாண்டக் கூடாது. எச்டிபி இதைச் சரிபார்ப்பதில்லை, எச்சரிப்பதும் இல்லை. மூவருக்கும் 8, 8, 8 என்று எழுதினால் பேசாமல் வாங்கிக்கொள்ளும். தன் ரேட்டுக்குள் இருக்கும் பிள்ளை தாயிடம் அனுமதி கேட்பதில்லை. தாயின் சீலைப் பார்ப்பது கடன் வாங்கும்போதுதான். எனவே மூன்றும் சேர்ந்து 24 மெகாபிட்டைத் தள்ளும். 20 இணைப்பில் 24. வரிசை மறுபடியும் மோடத்தில். எண்களெல்லாம் அழகாக இருக்கும், கால் மட்டும் வெட்டும்.

பிரியோ என்ற எண் முன்னுரிமை. 0 தான் மேல், எண் கூடக் கூடக் கீழே. உறுதி செய்த ரேட்டை அது பறிப்பதில்லை. மிச்சத்தை யாரிடம் முதலில் நீட்டுவது என்பதையும், ஒரே நேரத்தில் இருவர் வாசலில் நின்றால் யார் முதலில் என்பதையும் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன 6-க்கு 8 கணக்கு இருவருக்கும் ஒரே பிரியோ இருந்தால்தான். வீடியோ காலுக்கு 0, மற்ற இரண்டுக்கும் 1 என்று வைத்தேன்.

குவாண்டம் என்பது கடன் பங்கு வைக்கும்போது ஒரு முறைக்கு ஒருவர் எத்தனை பைட் எடுக்கலாம் என்ற அளவு. நாம் சொல்லாவிட்டால் ரேட்டை பைட்டில் மாற்றி ஆர்2கியூ என்ற எண்ணால் வகுத்துக்கொள்ளும். அது வழக்கமாக 10. ஆல்பத்தின் 8 மெகாபிட் என்பது நொடிக்கு 10,00,000 பைட். எனவே குவாண்டம் 1,00,000. விகிதம் தானாக வந்துவிடுவதால் சின்ன இடங்களில் இதைத் தொட வேண்டாம். வேகமான இணைப்புகளில் மட்டும் கவனம்: கணக்கு 2,00,000-ஐத் தாண்டினால் கெர்னல் அங்கேயே வெட்டிவிட்டு, குவாண்டம் பெரிதாக இருக்கிறது என்று லாகில், அதாவது தன் பதிவேட்டில், ஒரு வரி எழுதும். 500 மெகாபிட் வகுப்பும் 100 மெகாபிட் வகுப்பும் இரண்டுமே 2,00,000-இல் முட்டி நிற்கும். கடன் 5-க்கு 1 என்று பிரியாமல் சரிபாதியாகப் பிரியும். அந்த லாக் வரியை அலட்சியப்படுத்தாதீர்கள்.

வகுப்புக்குள் இருக்கும் வரிசை

மூன்று வகுப்பு பிரித்தாயிற்று. ஆனால் இணையம் என்ற வகுப்புக்குள்ளேயே ஒரு கணினி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்ப, கல்லாவில் பில் நிற்கும். வகுப்பின் அடியில் எதையும் குறிப்பிடாவிட்டால் அங்கே ஒரு சாதாரண வரிசை உட்கார்ந்துகொள்ளும், பெரும்பாலும் 1000 பாக்கெட் நீளத்துக்கு. மோடத்திலிருந்து விரட்டிய பூதம் நம் வீட்டுக்குள்.

இதற்கு எஃப்கியூ-கோடெல் போதும். கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் என்ற யோசனையின் மேல் கட்டியது. வரிசையின் நீளத்தை அது பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கும். தாமதம் 100 மில்லிநொடி நேரம் தொடர்ந்து 5 மில்லிநொடிக்கு மேலேயே இருந்தால், ஒரு பாக்கெட்டைக் கீழே போட்டு அனுப்புபவருக்குச் சேதி சொல்லும். டிசிபி புரிந்துகொண்டு மெதுவாகும். அந்த 5 டார்கெட், 100 இன்டர்வல். இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம், ஒரே ஒரு விதிவிலக்கு: 1 மெகாபிட் போன்ற ஒடுங்கிய இணைப்பில் ஒரு பாக்கெட் போகவே 12 மில்லிநொடி ஆகும். அங்கே 5 என்ற இலக்கு நடக்காத காரியம். டார்கெட்டை 15-க்கு உயர்த்த வேண்டும்.

டவுன்லோடு பக்கம் கதை கொஞ்சம் கோணல். வந்து சேர்ந்த பாக்கெட் ஏற்கனவே குறுகலான வழியைத் தாண்டி வந்துவிட்டது. இனி நிறுத்தி என்ன பயன்? நிறுத்துவதால் அனுப்புபவர் மெதுவாவார், அதுதான் பயன். லினக்ஸில் உள்ளே வரும் பாக்கெட்டுகளை ஐஎஃப்பி என்ற பொய்யான போர்ட் ஒன்றின் வழியாகத் திருப்பிவிட்டு, அங்கே இதே எச்டிபியை வைப்பார்கள். நம் கையில் நேரடிக் கட்டுப்பாடு இல்லாததால் இன்னும் தாராளமாக விட்டுப்பிடிக்க வேண்டும். 100 மெகாபிட் பிளானுக்கு 85, 90 என்று தொடங்கலாம்.

நான் விழுந்த குழி

எல்லாம் புரிந்தது என்ற தெம்பில் நான் முதல்முறை எண்களைத் தட்டியபோது எந்த மாற்றமும் இல்லை. ஒரு மாலை முழுக்கப் போனது. லினக்ஸில் இந்த எண்களை எழுதும் கட்டளைக்கும் டிசி என்றுதான் பெயர், சிஸ்கோவின் தவணைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதில் மெகாபிட்டுக்கு எம்பிட் என்று எழுத வேண்டும். நான் உலக வழக்கப்படி எம்பிபிஎஸ் என்று எழுதியிருந்தேன். டாக்டர் படிப்பு மாதிரி தோன்றும் அந்தச் சொல்லுக்கு அந்தக் கட்டளையில் நொடிக்கு மெகாபைட் என்று பொருள். 18 என்று நினைத்து 144 மெகாபிட்டுக்கு மடை கட்டியிருந்தேன்; 20 மெகாபிட் இணைப்பில் அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்பீடு டெஸ்ட் முழுப் பதில் தராது. பெரிய ஃபைல் ஒன்றை அப்லோடு போட்டுவிட்டு, ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங்கைப் பக்கத்தில் ஓட விட்டுப் பாருங்கள். அப்லோடு இல்லாதபோது 20 மில்லிநொடி என்றால், அப்லோடு ஓடும்போது அதைவிட 10, 15 கூடினால் பரவாயில்லை. 300, 400 என்று ஏறினால் வரிசை இன்னும் மோடத்தில்தான் நிற்கிறது. மொத்த எண்ணை 18-லிருந்து 17, 16 என்று குறைத்துப் பார்க்க வேண்டும். டிசி காட்டும் புள்ளிவிவரத்தில் ஓவர்லிமிட்ஸ் என்ற எண் லட்சக்கணக்கில் ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். எத்தனை முறை "நில்" என்று சொன்னது என்ற கணக்கு அது; ஏறினால்தான் மடை வேலை செய்கிறது என்று பொருள்.

இவ்வளவும் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு கேக் என்று ஒன்று இருக்கிறது. 2018-இல் லினக்ஸ் 4.19-உடன் வந்தது. மொத்த வேகம் என்ற ஒரே எண்ணைக் கொடுத்தால் பங்கு வைப்பது, வரிசையைக் குறைப்பது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருள் போட்ட ரவுட்டரில் எஸ்கியூஎம் என்ற பக்கத்தில் அதை இயக்கலாம். வீட்டுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். இன்னாருக்கு இவ்வளவு உறுதி என்று எழுதி வைக்க வேண்டிய கடைக்கும் அலுவலகத்துக்கும்தான் எச்டிபி. எதுவானாலும் அந்த முதல் எண்ணை மனிதர்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்டூடியோவில் அதன் பிறகு மாடியிலிருந்து "ஹலோ" கேட்கவில்லை. சில மாதம் கழித்து அண்ணனிடமிருந்து போன். "தம்பி, பிளானை 50 அப்லோடுக்கு மாத்திட்டேன். பணம் ஏறிடுச்சு, வேகம் ஏறவே இல்லையே. கம்பெனிக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு இப்பதான் வந்தேன்."

சண்டை போட்டிருக்க வேண்டியது என்னிடம். ரவுட்டரில் தாய் வகுப்பின் ரேட் இன்னும் 18 என்றே இருந்தது.